இறப்பரைத் தொடாத குமிழி

மீன் தொட்டிக்குள் மீன் இல்லை. தண்ணீர், இரண்டு செப்புக் கம்பி நுனிகள், அருகே ஓர் இரும்புத் தகடு. என்னோடு படிக்கும் றுமானாவின் மாமா ஸுஹைர், திருகோணமலைத் துறைமுகக் கரையில் வள்ளம் திருத்துபவர், எங்கள் கெம்பஸ் ஆய்வுக்குத் தன் பட்டறையில் ஒரு மூலை தந்திருந்தார். புரொப்பெல்லரில் ஏன் அம்மைத் தழும்புபோல் குழி விழுகிறது என்பதே ஆய்வு. உப்புத்தான் காரணம் என்பது மாமாவின் முடிவு. எங்களுடைய முடிவுக்கு அவர் காத்திருக்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். கம்பி நுனிகளுக்கிடையே பொறி தெறித்து ஒரு குமிழி உப்பிச் சுருங்கியது. றுமானா அதைக் கைபேசியில் படம் எடுத்து மெதுவாக ஓட்டினாள். சுருங்கும்போது குமிழி இரும்பை நோக்கி நகர்ந்தது. குமிழியின் நடுவைத் துளைத்துக்கொண்டு ஊசிபோல் ஒரு நீர்த்தாரை நேரே தகட்டில் பாய்ந்தது.

"குழிக்குக் காரணம் இதுதான். உப்பில்லையெண்டு மாமாட்ட சொல்லுங்க," என்றாள்.

"சொல்லலாம். பிறகு றோட்டுலதான் ஆய்வு செய்யணும்," என்றேன்.

சிரித்தாள். ஜப்பானில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், "போங்க, அங்க மீனப் பச்சையாத் தின்னுவாங்களாம், உங்கட சமையலுக்குப் பொருத்தம்" என்கிற ரகத்தில் ஏதாவது சொல்லிவைப்பேன். போகாதீங்க என்பது மட்டும் வாய்க்குள்ளேயே கிடந்தது.

சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டிய சட்டத்தைத் தகட்டுக்கு முன்னால் இறக்கினாள். மறுபடி பொறி. இம்முறை குமிழி இறப்பரை விட்டு விலகிப் போனது. தாரையும் எதிர்ப்பக்கம்தான்.

"இறப்பர் ஒண்டும் செய்யல்லியே. ஏன் விட்டுட்டுப் போகுது?"

"வளைஞ்சு குடுக்குதுதானே. முதல்ல உள்வாங்கும். திரும்பி வரக்குள்ள தள்ளிவிட்டுடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்னையே சொன்னதுபோல் எனக்குக் கேட்டது.

அவள் கைபேசியில் பாதி எழுதிய பதிலைத் திறந்தாள். "நிப்றாஸ், போகட்டுமா?"

வழக்கமான பகிடி ஒன்று தயாராக இருந்தது. விழுங்கினேன். "உங்கட விருப்பம்," என்றேன். அதற்குப் பகிடியே தேவலை.

"ஓம்," என்றாள். விரல் திரைக்கு மேலே நின்றது. பிறகு பதிலை அனுப்பாமலே கமராவுக்கு மாற்றினாள். "கடைசியா ஒண்டு எடுப்பம். இறப்பரா, இரும்பா?"

"இரும்பு."

எனக்கே பழக்கமில்லாத குரல். பட்டறையின் மறுகோடியில் மாமாவின் சுத்தியல் ஓசை நின்றது. றுமானா என்னையே பார்த்தாள். கைபேசியைக் கதிரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை மடிக்காமலே தொட்டிக்குள் விட்டு இறப்பரை வெளியே இழுத்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கலங்கிய நீருக்குள் தகடு ஆடுவதுபோல் தெரிந்தது. அது அடங்கும் வரை நான் பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தேன்.