பத்து மணி டப்பா

சரசம்மா பித்தளைப் புஷ்ஷை அளவு பார்க்கும் கேஜுக்குள் விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. அதைப் பத்து மணி டப்பாவில் போட்டாள். டப்பா நிறைந்திருந்ததால் பீஸ் சரிந்து மேஜையில் உருண்டது.

ஓசூர் சிப்காட்டில் பம்புகளுக்குப் புஷ் என்னும் பித்தளை வளையம் கடையும் கம்பெனி அது. கெட்டுப்போன பீஸ்களை ஒரே கூடையில் கொட்டுவதுதான் வழக்கம். அவள் மட்டும் மூன்று வாரமாக மணி எழுதிய எட்டு வனஸ்பதி டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தாள். ஷிப்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டப்பா.

"என்னக்கா, டப்பாக் கடை போட்டுட்டீங்க. முறுக்கு எப்ப வரும்?" என்றான் லேத் ஓட்டும் கௌஸ் மொய்தீன்.

"முதல்ல உன் கடைச் சரக்கப் பாரு. பத்து மணி டப்பாவும் ஒரு மணி டப்பாவும்தான் தெனம் ரொம்புது. மத்ததுல நாலஞ்சுதான். டீ குடிச்சிட்டு, சோறு தின்னுட்டு வந்து போடறீங்களே, அந்தப் பீஸ்தான் கெடுது."

கௌஸ் சிரிப்பதை நிறுத்தினான். "மெஷின் ஆறிப்போவுதுக்கா, அளவு மாறிடுது."

சூப்பர்வைசர் திம்மப்பன் வந்து டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெனம் எம்பது பீஸ் கெடுது, ஆர்டரை நிறுத்திடுவேன்றான் பெங்களூர்க்காரன். பத்துக்குக் கீழ கொண்டாங்க. சரசம்மா, உன் பர்மனென்ட்டுக்கு நானே மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கித் தரேன்."

மூன்று வருடமாக அவள் டெம்பரவரி. பர்மனென்ட் ஆனால் தனி வீடு பார்க்கலாம். கல்லாவியில் அக்காவிடம் விட்டிருக்கும் மகளை ஜூன் மாதம் இங்கேயே பள்ளியில் சேர்க்கலாம். அன்று சாயங்காலமே மகளுக்குக் கடிதம் எழுதினாள்.

மறுநாள் முதல் யாரும் சேர்ந்து டீ குடிக்கப் போகவில்லை. இரண்டிரண்டு பேராகப் போனார்கள். மற்றவர்கள் அவர்களுடைய மெஷினையும் நிற்காமல் ஓட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் பீஸைத் தானே கேஜில் பார்க்கச் சரசம்மா கற்றுக் கொடுத்தாள். "அழுத்தாத, தானா எறங்கணும். கொழந்த காதுல கம்மல் போடற மாதிரி." கெட்ட பீஸ்களின் கணக்கைத் தினமும் கிராப் பேப்பரில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். எண்பது. ஐம்பத்திரண்டு. முப்பத்தொன்று. நான்காம் மாதம் ஆறு.

பெங்களூர் ஆர்டர் இரண்டு மடங்கானது. எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். கிராப் பேப்பரை மேனேஜர் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை திம்மப்பன் அவள் மேஜைக்கு வந்து கேஜை எடுத்தார். கௌஸைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார்.

"இனிமே அவங்க பீஸ அவங்களே பாத்துக்குவாங்கம்மா. இன்ஸ்பெக்ஷனுக்குத் தனியா ஆள் வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இன்னிக்கோட முடிச்சுக்க."

"நீங்க சொன்னீங்களே சார்."

"எம்பது வந்தப்ப சொன்னதும்மா அது." அவர் டப்பாக்களைப் பார்த்தார். "இப்பதான் ஆறு வருதே. இதெல்லாம் நீயே எடுத்துட்டுப் போயிடு."

கௌஸ் கேஜை உள்ளங்கையில் வைத்தபடி நின்றான். "அக்கா, நான் கேக்கலக்கா..."

"மெஷின் ஆறுது. போ."

ஷிப்ட் முடிந்ததும் எட்டு டப்பாக்களையும் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் கரியப்பன் மூட்டையை இறக்கச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. ஒரு பீஸ் வெளிய போனாலும் என்னத்தான் கேப்பாங்க."

எதிரே ஆபீஸ் வாசல் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அவளுடைய சிவப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில் மேனேஜர் பெயரும் திம்மப்பன் பெயரும் டைப் அடிக்கப்பட்டிருந்தன. பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேர் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கரியப்பன் ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்து அடியில் தட்டினார். அடியில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்த பத்து மணி டப்பாவுக்குள் மட்டும் கையை விட்டு, விளிம்புவரை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.