நிறுத்தச் சொன்ன மாத்திரை

மாத்திரையை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். என் கணவர் பஸ் டிரைவர். ஒடிந்த வலது காலில் கம்பி வைத்த இடத்தில், எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டது. அழுகிய எலும்பைச் சுரண்டியெடுத்து, என்ன கிருமி என்று பார்த்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியுமாம். சீழுக்குச் சாப்பிடும் மாத்திரை உடம்பில் இருந்தால் பரிசோதனையில் கிருமி அகப்படாதாம். அதனால் ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் எதையும் தொடக் கூடாது, காய்ச்சல் வந்தால் மட்டும் ஓடி வாருங்கள் என்றார் டாக்டர்.

காய்ச்சல் வரவில்லை. சீழ்கூடக் குறைந்தது. என் வேண்டுதல்தான் பலித்தது என்று பூரித்துப்போனேன், மடச்சி.

ஆபரேஷன் அன்று காலை, அவர் கழற்றிக் கொடுத்த சட்டையை மடித்தபோது பையில் ஏதோ சரசரத்தது. மாத்திரை அட்டை. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சற்றுமுன் நர்ஸ் கேட்டபோது வாய் கூசாமல் "எதுவும் சாப்பிடல" என்றவர் இவர்.

"என்னங்க இது?"

"கத்தாதே. சும்மா இருந்தா காலையே எடுத்துடுவாங்களோன்னு பயந்து, நேத்து வரைக்கும் சாப்பிட்டேன். பிரேக் மிதிக்கிற காலுடி."

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டு வாரம் மாத்திரை இல்லாம என்னால முடியாது. நீ வாயைத் திறக்காதே."

பஸ் நிறைய ஆட்களோடு மலைப்பாதையில் அலட்டிக்கொள்ளாமல் இறங்குகிற மனுஷன், ஒரு மாத்திரை அட்டைக்குக் கெஞ்சுகிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சொல்லி, ஆபரேஷன் தள்ளிப்போய், அதற்குள் கால் போனால் பழி என் தலையில். சொல்லாவிட்டால் எலும்பையும் சுரண்டிவிட்டு, என்ன கிருமி என்றும் தெரியாமல் முழிப்போம்.

தியேட்டர் வாசலில் அட்டையை டாக்டரிடம் நீட்டிவிட்டேன். "நேத்து வரைக்கும் சாப்பிட்டிருக்கார், சார்."

டாக்டர் அட்டையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "இன்னிக்கு வேண்டாம். இப்பலேர்ந்து ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தும் அவர் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டார். சில நாள் கழித்து, விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"மறுபடி வருது, பாரு."

கட்டு நனைந்திருந்தது. பழைய நாற்றம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை.

"உனக்குப் பயமா இல்லையா?"

"செத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

நான் புதுக் கட்டுப் போட்டு முடித்தேன். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "தலையணை உறைக்குள்ள இன்னொரு அட்டை இருக்கு. நான் கை வைக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடு."