மூப்பர் வீட்டு மாடு

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. கத்தரீனாவின் கையில் இருந்தது போத்தலா, செம்பா? செம்பு என்றே எழுதுகிறேன். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. உள்ளேயே கொஞ்சம் மாறியிருக்கலாம்.

சண்டைக்காலம். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபின் அங்கிருந்த எங்கள் மகனிடமிருந்து காசும் இல்லை, கடிதமும் இல்லை. என் கணவர் நீக்கிலாப்பிள்ளை ஒருகாலத்தில் பாஷையூர்க் கத்தோலிக்கக் கோவிலின் மூப்பர், கோவில் காரியம் பார்க்கும் பெரியவர். யேசு பிறந்த நத்தாருக்கு ஏழைகளுக்கு அரிசி அளந்து கொடுத்த கை. அரிசிக்குக் கூப்பன் வந்த அந்த நாட்களில் சுவாமியார் கோவில் வளவில் கஞ்சிக் கொட்டில் திறந்ததும், எழுபது வயதில், தானே போய் அகப்பை பிடித்தார். மத்தியானம் திரும்பும்போது வாளியில் கஞ்சி இருக்கும்.

"வேலை செய்யிற ஆக்களுக்கும் ஒரு பங்கு உண்டாம். நீரும் சாப்பிடும்," என்பார். சாப்பிட்டோம். எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

ஒரு காலை, அவர் போனபின், வேலிப் படலையில் கத்தரீனா நின்றாள். கொட்டிலில் அவருடன் கஞ்சி காய்ச்சும் விதவை, வாய்க்காரி.

"மக்டலீன் அக்கா, ஒரு செம்பு பால் வேணும். கஞ்சிக்கு வாற பெட்டையின்ரை பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியும் வயித்திலை நிக்குதில்லை. தாயிட்டையும் பாலில்லை."

"பாலோ?" என்றேன்.

"உங்கடை மாடு கறக்குதுதானே? மூப்பர் நாள்தவறாமல் பானையடியை வழிச்சு மாட்டுக்கெண்டு கொண்டுபோறார். உது மாடோ, தலைப்பிள்ளை பெற வந்திருக்கிற மகளோ எண்டு நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள்!"

பானையடியும் கழுநீரும் மாடு வைத்திருப்பவர்களுக்குப் போவது ஊர் வழக்கம். எங்கள் மாட்டை, ஊருக்குத் தெரியாமல், கொடிகாமத்தில் விற்று ஒரு வருடமாகியிருந்தது.

அப்படியானால், வேலை செய்பவர்களுக்குப் பங்கு என்று எதுவும் இருக்கவில்லை.

"மாடு... வத்திப்போச்சு, கத்தரீனா."

அவள் என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். மாட்டுக்கொட்டிலில் கூரை முட்டப் பனைமட்டை அடுக்கியிருந்தது. அவள் கண் அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு முகம் எரிந்தது. ஒரு பிள்ளைக்குப் பால் கேட்டு வந்தவளுக்குப் பொய்யைக் கொடுத்து அனுப்புகிறேன் என்பதும் தெரிந்தது.

"ஓம் அக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "வத்தின மாட்டுக்குத்தான் நல்லாய்த் தீன் போடவேணும்." பிறகு, "நான் செபஸ்தியம்மாவிட்டை ஆட்டுப்பால் கேக்கிறன்."

அன்று வாளி கனத்தது. கஞ்சி கட்டியாக இருந்தது. அடியில் பயறும் தேங்காய்ச் சொட்டும்.

"இண்டைக்கு நல்ல பங்கு," என்று அவர் சந்தோசப்பட்டார். "கத்தரீனா தன்ரை கையாலை அள்ளித் தந்தவள்."

கத்தரீனா வந்துபோனதைச் சொன்னால் அடுத்த நாள் அவர் அகப்பையைத் தொடமாட்டார்; வாளியும் வராது. அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து சாப்பிட்டேன். மிச்சமில்லாமல்.

அந்தப் பிள்ளை ஆட்டுப்பாலில் பிழைத்தது. என் கணவர் கொட்டில் மூடும்வரை கஞ்சி வார்த்தார். அடுத்த மாரிகாலத்தில் இறந்தார். மகன் சண்டை முடிந்து வந்தான், தகப்பன் இல்லாத வீட்டுக்கு. கத்தரீனா மன்னாரில் மகளோடு இருக்கிறாள். எங்கள் மாட்டைப்பற்றி அவள் யாரிடமும் கதைக்கவில்லை. நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன்.