மரங்கொத்தி பார்த்த இரண்டு கல்லூரிகள்

யாராவது வணக்கம் சொன்னால், இவன் எதற்கு இப்போது வணக்கம் சொல்கிறான் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்வார் மரங்கொத்தி. அது அவருடைய பெயர் அல்ல. தொழில் கொடுத்த பட்டம். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் விரலை மடக்கி, கதவிலிருந்து டிக்கி வரை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வருவார். நல்ல தகரம் ஒரு மாதிரி ஒலிக்கும். பள்ளத்தை நிரப்பிய பட்டி வேறு மாதிரி ஒலிக்கும். பானெட்டைத் திறந்து போல்ட்டின் தலையைப் பார்ப்பார். பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். விற்கிறவன் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறானோ அவ்வளவு குனிந்து அடியில் பார்ப்பார். கார் விற்கும் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவரை வாழ்த்தியவர்களைவிடச் சபித்தவர்கள்தான் அதிகம்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்தது. இரண்டுமே அவருடைய ஒரே மகளுக்கு இடம் இருப்பதாகச் சொல்லின.

ஒன்று பெரிய கல்லூரி. பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் புருவத்தைத் தூக்குவார். கட்டணத்தைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் தூக்குவார். சலுகை எதுவும் கிடையாது என்று கடைசி வரியில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். இன்னொன்று ஊர் ஓரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி. அதன் பெயரைச் சொன்னால் "எங்கே இருக்கு அது?" என்பார்கள். அங்கே நான்கு வருஷமும் படிப்புக் கட்டணமே இல்லையாம்.

"சும்மா எவன் குடுப்பான்?" என்றார் மரங்கொத்தி, கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

"அவ மார்க்குக்குக் குடுக்கறாங்க," என்றாள் மனைவி. அவள் மருத்துவமனையில் நர்ஸ். அவள் கொடுக்கும் காபியை மட்டும்தான் மரங்கொத்தி சந்தேகப்படாமல் குடிப்பார்.

"மார்க் அவளோடது. காசு அவங்களோடது. அவங்களுக்கு இதுல என்ன லாபம்? எங்கேயோ இடிச்ச வண்டியைத்தான் இப்படி அடிமாட்டு விலைக்குத் தள்ளுவான்."

"அது காலேஜுங்க. காரு இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்," என்று முடித்துவிட்டார்.

முதலில் பெரிய கல்லூரிக்குப் போனார்கள். பெற்றோர் வந்து சுற்றிப் பார்க்கவென்றே ஒரு நாள் வைத்திருந்தார்கள். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. வாசல் முழுக்கப் பூந்தொட்டிகள். ஒரு தொட்டியை லேசாக நகர்த்திப் பார்த்தார். அடியில் தரை சுத்தமாக இருந்தது. "பாத்தியா? ரொம்ப நாளா இங்க இருந்திருந்தா வட்டமா கறை இருக்கணும். வாடகைக்கு எடுத்திருக்கான்," என்று மகளின் காதில் சொன்னார். தூணைத் தட்டினார். சலவைக்கல் மாதிரி இருந்த தூண் உள்ளே கூடாக ஒலித்தது. தேக்குக் கதவு தேக்கு இல்லை. காவலாளி வந்து, "சார், என்ன தேடறீங்க?" என்று கேட்டான். "உண்மையை," என்றார் இவர். காவலாளி அதற்கப்புறம் அவர் பின்னாலேயே வந்தான்.

இந்த அமளியில் மகளைக் காணோம். தேடிப் போனால், உலோக ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தாள். பக்கத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி, முறிந்துபோன அச்சுத்தண்டு ஒன்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரே அடியில் உடைந்தது இல்லையாம். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் போய்க் கடைசியில்தான் முறிந்ததாம். மகள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மரங்கொத்தி கடிகாரத்தைக் காட்டி அவளை இழுத்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் பூந்தொட்டியைப் பற்றியே பேசினார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சின்னக் கல்லூரிக்கு நான்கு முறை போனார், நான்கு முறையும் சொல்லாமல் கொள்ளாமல். ஒருமுறை கொட்டும் மழையில் போனார், கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க. ஒழுகவில்லை. கழிப்பறைக் குழாய்களைத் திறந்தார், தண்ணீர் வந்தது. நூலகத்தில் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். போன வாரத் தேதி வரை முத்திரை இருந்தது. பட்டறையில் இரும்பு கடையும் லேத் இயந்திரத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெயும் புது இரும்புச் சுருளும் ஒட்டின. பஸ் நிறுத்தத்தில் நின்ற மாணவர்களிடம், "வாத்தியாருங்க வர்றாங்களா?" என்று கேட்டார். "லீவே போட மாட்டேங்கறாங்க சார்," என்று அவர்கள் நொந்துகொண்டார்கள்.

நான்காம் முறை கல்லூரி முதல்வரே வெளியே வந்தார். "இவ்வளவு தடவை வந்துட்டீங்க, பேசாம நீங்களே சேர்ந்துடுங்களேன்."

"கட்டணம் ஏன் இல்ல? அதைச் சொல்லுங்க, போயிடறேன்."

"காலேஜ் ஆரம்பிச்சு ஆறு வருஷம்தான் ஆகுது. எங்களுக்குப் பேர் இல்ல. நல்லாப் படிக்கிற பிள்ளைங்க நாலு பேர் வந்தாத்தான் பேர் வரும். உங்க பொண்ணு எங்களுக்கு வேணும், அவ்வளவுதான்."

மரங்கொத்தி அசந்துபோனார். தன் வண்டியின் பள்ளத்தைத் தானே காட்டுகிற விற்பனைக்காரனை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மகள், "எனக்கும் அதுதான்ப்பா பிடிச்சிருக்கு. அந்தப் பெரிய காலேஜ் ஒரே அலட்டல்," என்றாள்.

"நல்லா யோசிச்சியாடி?" என்று கேட்டாள் மனைவி.

"யோசிச்சேம்மா."

"அதான் சொல்லிட்டாளே, அப்புறம் என்ன நோண்டறே?" என்றார் மரங்கொத்தி. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பத்து நாள் போயிருக்கும். மைதானத்தில் ஒரு சாம்பல் நிறக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது கைபேசி அடித்தது. பெரிய கல்லூரியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். சேர்வதற்குக் கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணியோடு முடிகிறது என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. இன்று விட்டால் போச்சு என்று சொல்லாத வியாபாரி யார் இருக்கிறான்? "எங்களுக்கு வேண்டாம்மா. பொண்ணுக்கே இஷ்டமில்ல."

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. "அப்படியா சார்? அவங்க ஒரு வாரமா தினமும் போன் பண்றாங்களே."

"எங்க பொண்ணா? எந்த நம்பர்லேருந்து?"

அவள் படித்துக் காட்டினாள். மகளுடைய எண்தான். மரங்கொத்தி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தார். "என்ன கேட்டா?"

"முதல்ல, தவணையில கட்டலாமான்னு கேட்டாங்க. கட்டலாம்னு சொன்னேன். வீட்டுல கேட்டுச் சொல்றேன்னாங்க. அப்புறம், சாயங்காலத்துல லைப்ரரியில வேலை ஏதாவது கிடைக்குமான்னு கேட்டாங்க. நேத்து..." அவள் நிறுத்தினாள். "நேத்து, இங்க சேரலன்னாலும் எப்பவாவது வந்து அந்த லேபைப் பாக்க விடுவீங்களான்னு கேட்டாங்க சார்."

அவர் விடவில்லை. "இதை எங்கிட்ட சொல்றதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல சார். காத்திருப்புப் பட்டியல்ல நூறு பேர் இருக்காங்க. சீட்டு எப்படியும் நிரம்பிடும். உங்ககிட்ட சொல்லாம விட மனசு வரல."

இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று அவர் தேடினார். முன்னாலும் பின்னாலும் புரட்டித் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சாம்பல் காரை வாங்க வந்தவர் ஏதோ கேட்டது அவர் காதில் விழவே இல்லை.

வீட்டில் மகள் சின்னக் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தில் புகைப்படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

"உனக்கு எந்தக் காலேஜ் பிடிச்சிருக்கு?"

"அதான் சொன்னேனேப்பா."

"திரும்பச் சொல்லு."

"சின்னதுதான்."

"அப்ப அந்த லேபைப் பாக்க எதுக்குடி கெஞ்சினே?"

பசை தடவிய விரல் அப்படியே நின்றது. அவள் முகம் சிவந்து, உதடு கோணி, குழந்தையில் அழுவதற்கு முன் எப்படி இருந்தாளோ அப்படி ஆகிவிட்டது.

"பெரியதுதான்ப்பா," என்றாள். "முதல் நாள்லேருந்து அதுதான்."

"தவணையில கட்டலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதையாவது எங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"சின்னக் காலேஜுன்னு நான் சொன்னதும் உங்க முகத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படிப்பா கேக்கறது?"

மரங்கொத்தி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால். "சர்டிபிகேட் எல்லாம் எடு. பேங்க் மூடறதுக்குள்ள போகணும். முதல் தவணைக்கு இருக்கு. மிச்சத்துக்கு நானும் உங்கம்மாவும் நாயா அலையறோம், அது எங்க பாடு. எந்திரி."

அவள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்டிபிகேட் ஃபைலை எடுத்து வந்தாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக் கதவுக்கு வெளியே நின்றார். அவள் பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா."

"என்னம்மா? நேரமாச்சு."

"தூணைச் சந்தேகப்பட்டீங்க, தொட்டியைச் சந்தேகப்பட்டீங்க, மழையில போய்க் கூரையைப் பாத்தீங்க. நான் சொன்னதை மட்டும் ஏம்ப்பா உடனே நம்பினீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மரங்கொத்திக்குப் பதில் தெரிந்திருந்தது. மகளின் முகத்தைப் பார்க்காமல், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அதை நம்பினாத்தானேம்மா செலவு கம்மி."