எங்கள் ஸ்டேஷனுக்கு ஓர் இன்ஸ்பெக்டர்

தோப்புப்பட்டினத்தில் அந்த வாரம் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். போலீஸ் ஸ்டேஷனில் இப்போது இருக்கிற ஆளையே இன்ஸ்பெக்டராகப் போடுவார்களா, வெளியூரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவருவார்களா? டீக்கடையில் இரண்டு கட்சி. மீன் ஏலக் கூடத்தில் இரண்டு கட்சி. என் பத்தாம் வகுப்பில்கூட இரண்டு கட்சி. மேசையைத் தட்டித் தட்டி நான்தான் அடக்கினேன். ஆனால் எனக்குள்ளும் அதே துள்ளல்தான்.

ஏனென்றால் இருக்கிற ஆள் என் மனைவி.

ஃபெமினா இங்கே சப்-இன்ஸ்பெக்டர். பழைய இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. பக்கத்து ஸ்டேஷன்காரருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அவர் முகத்தை ஊரில் பாதிப் பேர் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஃபெமினாதான். இப்போது அவளுக்கே இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு வந்துவிட்டது. பதவி உயர்வு என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் ஊர் ஒரே குரலில் கேட்டால் இங்கேயே விட்டுவிடலாம் என்று மேலே பேசிக்கொள்வதாகக் காற்றுவாக்கில் ஒரு செய்தி வந்தது.

எனக்கு அது போதாதா? நானும் அவளும் ஆவூர்ப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு பள்ளிக்கூடம், அவள் ஒரு ஸ்டேஷன். எனக்குக் குன்றாண்டார்கோவில் என்றால் அவளுக்கு அரிமளம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். ஆளுக்கொரு தோசை சாப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் என்னிடம் இருந்த மகளை மறு வாரத்துக்கு அவள் தூக்கிக்கொண்டு போவாள். உன் வீட்டைப் படம் வரை என்று யாரோ சொன்னபோது இனியா பஸ்ஸைத்தான் வரைந்தாள். தோப்புப்பட்டினத்தில்தான் முதல் முறையாக மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அதை நான் விட்டுவிடுவேனா?

"அருள்தாஸ் சார், நீங்க கவலையே படாதீங்க. ஃபெமினா எங்க வீட்டுப் புள்ள" என்றார் வர்த்தகர் சங்கத் தலைவர் சேக் அலாவுதீன். பஜாரில் பெரிய பாத்திரக்கடை அவருடையது. அவர் தலையசைத்தால்தான் ஊரில் ஒரு காரியம் நகரும். "தர்கா சந்தனக்கூடு பந்தோபஸ்துக்குப் பீஸ் கமிட்டி கூட்டம் போட டிஎஸ்பி வாராரு. அங்கேயே கேட்டுருவோம்."

நான் சும்மா இருக்கவில்லை. நாலு பேரைப் பார்த்தேன். என்ன பேசுவது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நடந்ததைச் சொல்லுங்க, அது போதும்" என்றேன். ஃபெமினாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"என்னங்க, யாரையும் கெளப்பி விட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"நான் ஏன் கெளப்பப் போறேன்? ஊரே தானா கெளம்பியிருக்கு."

"எனக்கு இது சரியாப் படல" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று சங்கக் கட்டடம் நிரம்பி வழிந்தது. மின்விசிறிகள் சுழன்றும் எல்லோருக்கும் வியர்வை. டிஎஸ்பி வசந்தகுமார் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். பக்கத்தில் ஃபெமினா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நான் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தேன். சந்தனக்கூடு விஷயம் மளமளவென்று முடிந்தது. சேக் அலாவுதீன் எழுந்து ஊரின் கோரிக்கையைச் சொன்னதும் அப்படி ஒரு கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"போஸ்டிங் போடுறது நான் இல்லை. ஆனா என் ரிப்போர்ட்டும் மேல போகும்" என்றார் டிஎஸ்பி. "ஏன் இவங்களே வேணும்னு கேக்குறீங்க? காரணம் சொல்லுங்க."

முதலில் எழுந்தது மீன்காரப் பிச்சையம்மாள். ஏலக் கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை, மைக்கே தேவைப்படவில்லை.

"எம் மகன் குடிச்சிட்டு பக்கத்து வூட்டுக்காரன் மண்டையில துடுப்பால போட்டுட்டான்ங்க. அஞ்சாறு தையலு. வேற ஆபீசரா இருந்தா உள்ள தூக்கி வச்சிருப்பாக. இந்தப் புள்ள ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு, கையக் கோத்து விட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்புச்சு. இப்ப ரெண்டும் ஒரே போட்டுலதான் போகுதுக."

மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன்.

"தையல் போட்டாங்களா?" என்று டிஎஸ்பி மெதுவாகக் கேட்டார். "கேஸ் போட்டீங்களா?"

"கேஸு எதுக்குங்க? அதான் சேந்துட்டானுகளே" என்றாள் பிச்சையம்மாள் பெருமையாக.

அடுத்து ஒரு செருப்புக்கடைக்காரர். அவர் கடையில் பூட்டை உடைத்தவன் அவருடைய சித்தப்பா மகனேதான். ஃபெமினா பொருளை வாங்கிக் கொடுத்து, அவனை அவர் காலில் விழ வைத்து, சத்தமில்லாமல் முடித்துவிட்டாள். "குடும்ப மானத்தக் காப்பாத்துனாங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன், நடந்ததையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் போடவில்லை, கேஸ் போடவில்லை என்று ஆளாளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்கள், அதுவும் டிஎஸ்பி முன்னால். ஃபெமினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் உட்காருங்கள் என்று பின்னால் இருந்து கையைக் காட்டினேன். இன்னும் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சேக் அலாவுதீனே மைக்கை வாங்கினார்.

"எங்க வூட்டு விஷயத்தையே சொல்றேன். எந் தங்கச்சி மகன் ராஜா முகமது மீன் வண்டி ஓட்டுறான். ஏலத்துக்குப் போற அவசரத்துல பஜார்ல ஒரு புள்ளைய இடிச்சிட்டான். கால் முறிஞ்சு போச்சு. எங்க ஃபெமினா ரெண்டு குடும்பத்தையும் இதே ஹால்ல ஒக்கார வச்சுப் பேசுச்சு. ஆஸ்பத்திரியில நாங்க கூடவே நின்னு பாத்தோம். இவன் இனிமே பஜாருக்குள்ள வண்டி ஓட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனான். ஸ்டேஷன் படியேறாம முடிஞ்சது. வெளியூர் ஆளுக்கு இந்தப் பக்குவம் வருமாங்க?"

"வெளியூர் ஆளுதான்ங்க வேணும்."

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. ஹமீதா பானு எழுந்து நின்றிருந்தார். பஜார் முனையில் இடியாப்பக் கடை வைத்திருப்பவர். அந்தக் கால் முறிந்த பெண் சாமியா, இவர் மகள்தான்.

சேக் அலாவுதீன், "என்னம்மா, அதான் பேசி முடிச்சிட்டோமே" என்றார்.

"நீங்கதான் பேசுனீங்க. நான் எங்க பேசுனேன்? ஊர்ப் பெரியாளுக அம்புட்டுப் பேரும் சுத்தி ஒக்காந்திருக்கயில நான் வேணாம்னு எப்புடிச் சொல்றது?" ஹமீதா பானு நிறுத்தவில்லை. "மேடம் நல்லவங்க. எங் கடையில இடியாப்பம் சாப்புடுவாங்க, எம் மகளுக்குப் புத்தகம் வாங்கித் தந்தாங்க. ஆனா அவங்களுக்கு இந்த ஊர்ல எல்லாரும் வேண்டியவங்க. எல்லாரும் வேண்டியவங்களா இருந்தா எனக்குன்னு யாருங்க? எம் மக இன்னும் சரியா நடக்கல. அந்தப் பய நாலு நாளு சும்மா இருந்தான். இப்பத் தெனமும் எங் கடை வாசல்லதான் பறக்குறான். இன்னொரு புள்ள விழுற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணுமா?"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு ஹாரன் நீளமாக அலறியது. யாரோ ஒரு பையன் கத்திக்கொண்டு தாவி ஒதுங்குகிற சத்தம், பிரேக் கிறீச்சிடுகிற சத்தம். கூட்டத்துக்குச் சமோசாவும் டீயும் ஏற்றிக்கொண்டு ராஜா முகமது வந்து இறங்கினான். தூக்குவாளியோடு வாசலில் நின்று, "மாமா, எங்க வைக்கிறது?" என்று கேட்டான்.

"அந்தா, அதே வண்டிதான்ங்க" என்றார் ஹமீதா பானு.

இருநூறு தலைகள் வாசல் பக்கம் திரும்பின. ஃபெமினா எழுந்தாள். அவளை எனக்குத் தெரியும். வேண்டாம், இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம் என்று மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

"அய்யா, இது அன்னைக்கே நான் கேஸ் போட்டிருக்க வேண்டியது" என்றாள். "ரெண்டு பக்கமும் பழகுனவங்கன்னு பேசி அனுப்பிட்டேன். தப்பு என்னோடது. இப்ப போடுறேன்."

டிஎஸ்பி அவளையே பார்த்தார். "போட்டா, இவ்வளவு நாள் ஏன் போடலன்னு உங்களைத்தான் கேப்பாங்க. பதவி உயர்வு வந்திருக்கிற நேரம். யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சிட்டேன் அய்யா."

எனக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டின் டீசல் புகை மூக்கில் அடித்தது. அத்தனையும் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், நெஞ்சு பயத்தில் மட்டும் அடித்துக்கொள்ளவில்லை. அங்கே நின்றவள் என் மனைவி என்பதில் எனக்கு அப்படி ஒரு பூரிப்பு.

அவள் நேரே போய் ராஜா முகமதுவிடம் கையை நீட்டினாள். "வண்டிச் சாவியக் குடு. லைசென்ஸும்."

"மேடம், சமோசா..." என்றான் அவன்.

"எறக்கி வச்சிட்டு ஸ்டேஷனுக்கு வா."

சேக் அலாவுதீன் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? ஒனக்காகத்தான கூட்டத்தக் கூட்டி நிக்கிறோம். எங்க வீட்டுப் புள்ள நீ, இப்புடிச் சபையில வச்சு..."

"எனக்காக நின்னீங்க, பெரிய மனசு. ஆனா இத நான் பேசி முடிக்க முடியாதுங்க" என்றாள் ஃபெமினா. பிச்சையம்மாள் பக்கமும் செருப்புக்கடைக்காரர் பக்கமும் திரும்பினாள். "ஒங்க ரெண்டு பேர் விஷயத்தையும் மறுபடி பாக்கணும். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க."

பிச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்புக்கடைக்காரர் கூட்டத்துக்குள் மறைந்தார். ஹாலில் தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரே இரைச்சல். டிஎஸ்பி மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சரி, விட்ட இடத்துக்கு வருவோம். இப்பவும் இவங்களே இன்ஸ்பெக்டரா வேணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

சற்று முன் கைதட்டிய கைகளில் ஒன்றுகூட எழவில்லை. சேக் அலாவுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேலிடத்துல பாத்து யாரப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம்ங்க. வெளியூர் ஆளா இருந்தா இன்னும் நல்லது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து கையை உயர்த்தினேன்.

"நீங்க யாரு சார்?"

"வீட்டுக்காரருங்க."

"உங்க ஓட்டு செல்லாது, ஒக்காருங்க" என்றார் டிஎஸ்பி. அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

ஜீப்பில் ஏறும்போது அவர் ஃபெமினாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஊரே ஒங்கள வேணும்னு சொன்னப்ப எனக்குப் பயமா இருந்துச்சும்மா. இப்ப இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இருவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்த வாரத்திலேயே ஃபெமினா ராஜா முகமது மேல் கேஸ் போட்டாள், மற்ற இரண்டையும் தூசி தட்டினாள், வீட்டில் பாதிச் சாமானை நான் அட்டைப் பெட்டியில் கட்டினேன். இனியா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த ஊர் பஸ் என்று கேட்டாள்.

பிறகு ஒரே நாளில் இரண்டு தபால்கள் வந்தன. ஒன்று, கேஸ் போடத் தாமதித்ததற்கு விளக்கம் கேட்டு. மற்றது, தோப்புப்பட்டினம் இன்ஸ்பெக்டராக அவளையே நியமித்து. இரண்டாவதைப் படித்ததும் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அட்டைப் பெட்டிகளை மறுபடி பிரித்துப்போட்டேன். ஃபெமினா முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

நான் லட்டுப் பெட்டியோடு பஜாருக்குக் கிளம்பினேன். பாத்திரக்கடையில் சேக் அலாவுதீன், "எனக்குச் சுகர் சார்" என்றார். நேற்றுவரை அவருக்குச் சுகர் கிடையாது. செருப்புக்கடைக்காரர் வாங்கி, தின்னாமல் கல்லாவின் மேல் வைத்தார். பிச்சையம்மாள் மகன் ஜாமீனில் வந்திருந்தான். அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போனாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. வாங்க சார், டீ சாப்பிடுங்க சார் என்று கூப்பிடத்தான் ஆளில்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. இங்கேயே இருக்கத்தானே இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டே பஜார் முனைக்கு வந்தேன்.

ஹமீதா பானு அடுப்பிலிருந்து இடியாப்பத் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே சாமியா சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தாள். பெட்டியை நீட்டினேன்.

"நீங்க அன்னைக்கு இவங்க வேணாம்னு சொன்னீங்க. கடைசியில இவங்களையே போட்டுட்டாங்க. கோவமில்லையே?" என்று கேட்டேன்.

அவர் தனக்கொன்றும் மகளுக்கொன்றுமாக இரண்டு லட்டு எடுத்தார். நான் நடந்து வந்த கடைகளை ஒரு முறை பார்த்தார்.

"நான் கேட்டது வெளியூர் ஆளுதான சார்" என்றார். "கெடைச்சிட்டாங்க."