கன்னி மூலைச் சிவப்பு

கைலாசம் சிவப்பைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கம்மிணி, இவ்வளவு செவப்பு ஆகுமா? பாத்தா அடுப்பாட்டம் இருக்குது. ஒரு பாதி கொறச்சுக் குடுங்க.”

அஸ்தம்பட்டியில் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஆபீசில் காலையிலிருந்து இதுதான் நடந்தது. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளுக்கு நாலாபுறமும் மூடிய ஷெட் கட்டித் தருபவர் கைலாசம். ஷெட்டின் ஒரு முனையில் தண்ணீர் வழியும் அட்டைத் தடுப்பு. மறுமுனையில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் இழுக்கும்போது காற்று ஈரத்தில் நனைந்து உள்ளே வந்து, கூண்டு வரிசைகளைத் தாண்டி வெளியே போக வேண்டும். போகுமா, எங்காவது தேங்குமா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். சொல்வது வெறும் எண்களாக. அந்த எண் குவியலை ஓடுகிற படமாக்குவதுதான் ஜெனிட்டாவின் வேலை. குளிர்ந்த காற்றுக்கு நீலம், சூட்டுக்குச் சிவப்பு.

மே மாத வெயிலுக்குப் போட்ட படத்தில் காற்று நீல நூல்களாகக் கிழக்கே நுழைந்து மேற்கே போனது. தென்மேற்கு மூலையில் மட்டும் போக வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிச் சிவந்து நின்றது.

“பிளான்ல அங்க ஒரு ஃபேன் இருந்துச்சே சார். ஏன் எடுத்தீங்க?” என்றாள் ஜெனிட்டா.

“அது கன்னி மூலைம்மா. அங்க ஓட்டை இருக்கக் கூடாதுன்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாரு. பண்ணைக்காரர் கந்தவேலண்ணன் அடைக்கச் சொன்னாரு, அடைச்சுட்டேன். பார்ட்டி சொன்னா நான் சூரியனையே மேக்கால உதிக்க வெச்சுருவேன்.”

“அந்த மூலையிலயும் கோழி இருக்குமா?”

“பின்ன? கூண்டு வரிசை சுவரு வரைக்கும் போகுதே.”

“சித்திரை வெயில்ல செத்துரும் சார்.”

“சித்திரைய சித்திரையில பாத்துக்கலாம். அண்ணன் நாளைக்குப் படத்தப் பாத்துட்டு சரின்னா ஃபேன மாட்டி, கோழிய எறக்கிரலாம். செவப்பப் பாத்தா சரிம்பாரா? அவரு வாஸ்துவ நாம தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிருமல்ல.”

திங்கட்கிழமையிலிருந்து இதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கம்பெனிப் பெயர் சின்னதாக இருக்கிறது என்றார். பிறகு காற்று மெதுவாகப் போகிறது, வேகமாக விடுங்கள் என்றார். கோழிகள் மெலிந்திருக்கின்றன என்றும் ஒரு குறை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மெஷின் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து வரையும், நடுவில் கரண்ட் போகும், யுபிஎஸ் கத்தும்.

சிவப்பை ஒழிக்க ஒரு வழி அவளுக்குத் தெரியும். எந்த நிறம் எத்தனை டிகிரி என்று காட்டும் பட்டை ஒன்று படத்தின் ஓரத்தில் இருக்கும். அதன் உச்சி எண்ணை ஏற்றிவிட்டால் போதும். முதல் பரிசுக்கான மார்க்கை ஏற்றிவிட்டு யாருக்கும் பரிசில்லை என்பது போல, சிவப்பாகும் தகுதி எதற்கும் இராது. ஷெட்டில் சூடு அப்படியே இருக்கும். படத்தில் மட்டும் ஊட்டி.

கண் எரிந்தது. இவரோடு வாதாடுவதைவிடப் படம் போடுவது சுலபம். எண்ணை ஏற்றினாள். பட்டையின் மேல் கம்பெனிப் பெயரை இழுத்துவிட்டு மறைத்தாள்.

“இது படம்!” என்றார் கைலாசம்.

மறுநாள் கந்தவேல் ஒரு தட்டு முட்டையோடு வந்தார். எருமை வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பது போலத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, படத்தை மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

“சூடு எங்கீங்க இருக்குது?”

“சூடே இல்லீங்கண்ணா. அதானுங்க நம்ம ஷெட்டு,” என்றார் கைலாசம்.

“நாமக்கல்லுல, மே மாசத்துல, சூடே இல்லியா? அப்ப நான் குடும்பத்தோட ஷெட்டுக்கே குடிவந்தறேன்.” ஜெனிட்டாவிடம் திரும்பினார். “அம்மிணி, கொறையே இல்லாத சரக்க எப்படி வெல பேசறது? புடிச்சுத் தொங்க ஒரு கொறை வேணுமல்ல? எங்கயோ இருக்குது. நீ காட்டு சாமி.”

கைலாசம் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அடுத்த ஆர்டர், அதற்கடுத்த ஆர்டர் எல்லாம் இருந்தன. ஜெனிட்டா கம்பெனிப் பெயரைப் பட்டையிலிருந்து நகர்த்தினாள். எண்ணை இறக்கினாள். மூலை சிவந்தது.

கந்தவேல் சிவந்த இடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, “கன்னி மூலை” என்றார்.

“அங்க கோழி நிக்காதுங்கய்யா,” என்றாள் அவள்.

அவர் அங்கேயே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஓட்டையே ஆகாதுங்க. வேணும்னா மூலைய விட்டு நாலடி தள்ளுங்க,” என்றது குரல்.

“ரெண்டடி.”

“அண்ணா, இதென்ன செவ்வாய்ப்பேட்டைக் கடையா?”

“ரெண்டரை.”

“மூணடி. அதுக்கு மேல தெய்வம் எறங்காதுங்க.”

மூன்றடி தள்ளி ஃபேன் வைத்து மறுபடி கணக்கு, மறுபடி படம். அடுத்த நாள் மாலை கந்தவேலும் கைலாசமும் வந்தபோது சிவப்பு சுருங்கியிருந்தது. ஆனால் கடைசிக் கூண்டுகளை விட்டு நகரவில்லை.

“இன்னும் கொஞ்சூண்டு கொறைச்சுக்கலாமா சாமி?” என்றார் கந்தவேல்.

“இது நான் சொன்ன வெல இல்லீங்கய்யா. கொறைக்க எனக்கு ரைட்ஸ் இல்ல.”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப அந்த எடத்துல கூண்டே வேண்டாம். ஊட்டுல கெடக்கற பழைய இரும்பக் கொண்டாந்து போட்டறேன். கன்னி மூலை கனமா இருந்தா வாஸ்துக்காரரும் கம்முனு இருப்பாரு.” கைலாசத்தின் தோளில் கை போட்டார். “கூண்டு கொறையுது கைலாசம். வெலயும் கொறையோணுமல்ல?”

முட்டைத் தட்டை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். கைலாசம் போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா வெச்சீங்கம்மிணி எனக்கு ஆப்பு. சரி, போகட்டும். அடுத்த பார்ட்டி ராசிபுரம். வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பேரம் பேசவே தெரியாது. காட்டுனதப் பாத்துட்டு நன்றின்னு சொல்லுவாரு. அவருக்கும் இதே ஷெட்டுதான், அந்த நீலப் படமே போதும்.”

“அவருக்குப் பேசத் தெரியாதுன்னா, அவருக்காக நான் பேசறேன் சார்.”

உச்சி எண்ணைத் தொடாமல் பட்டையை ராசிபுரத்துக்குப் போகும் படத்தின் நடுவில் பெரிதாகக் கொண்டுவந்து வைத்தாள்.

“இவ்வளவு பெருசா ஆகுமா? ஒரு பாதி கொறச்சுக்குங்க,” என்றார் கைலாசம்.

மெஷின் முதல் படத்திலிருந்து வரையத் தொடங்கியது. ஜெனிட்டா முட்டைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்தாள்.