அஷ்டமிக்குத் திருப்பிய தேதி

காலையில் ஷிப்ட் முடியும் நேரம். ஜூடு என் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கினான்.

"மாப்ள, சிஸ்டத்தை ஆஃப் பண்ணு. கேபிளையும் உருவு. வைரஸ் உள்ள வந்துருச்சாம்."

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை இரவெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்வது எங்கள் வேலை. தல்லாகுளத்தில் ஆபீஸ். ஜூடு பக்கத்து நாற்காலி.

"வந்தா வரட்டும். நம்ம அப்பன் வீட்டு சிஸ்டமா?"

"கேளுடா. போட்டோன்னு மெயில் வரும். திறந்தா உள்ள உக்காந்துக்கும். ஒயர்ல சேந்திருக்கிற மத்த கம்ப்யூட்டருக்கும் தாவிரும். மாசாமாசம் ரெண்டாந்தேதி முழிக்குமாம். அன்னைக்கு கம்ப்யூட்டரைப் போட்டா அரைமணி நேரந்தான். வேர்டு ஃபைல் அம்புட்டும் காலி."

அன்று அக்டோபர் இரண்டு. விஜயதசமி.

போன வாரம் அப்பா யாரோ அனுப்பிய கல்யாணப் போட்டோ திறக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அக்காவின் கம்ப்யூட்டரில். அதில்தான் அவள் ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தது. பல்கலைக்கழகத்தில் அவளுடைய பதிவு இந்த வாரத்தோடு முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். கட்டுரை போனால் ஆறு வருஷம் போச்சு.

வீட்டுக்கு போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. போன் ஒயரில்தான் எங்களுக்கு இன்டர்நெட்; யாரோ அதில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடிப் போய் பஸ் பிடித்தேன். காளவாசலில் நின்றுவிட்டது. முந்தின நாள் உடைத்த பூசணிக்காய்களில் ஒரு பைக் வழுக்கி, கூட்டம். சாலையெல்லாம் குங்குமம் கலந்த சதை. கண்டக்டர் இறங்கி வேடிக்கை பார்த்தார்.

அப்பாவை நினைத்து ஆத்திரமாக வந்தது. பெயர் தவசி, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். எதற்கும் இரண்டு சாட்சி வேண்டும் அவருக்கு. ஆன்டிவைரஸ் வாங்கும்போதும் அப்படித்தான். ஒன்று புத்தகத்தோடு இலவசமாக வந்த சிடி. இன்னொன்று கடைக்காரன் எழுதிக் கொடுத்த திருட்டு சிடி. ஒன்றைப் போடுங்கள், ஒழுங்கானதாகப் போடுங்கள் என்றேன். "ஒருத்தன் தூங்குனா இன்னொருத்தன் முழிச்சிருப்பான்ல?" என்றார். இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு நின்றன. ஓர் எழுத்தைத் தட்டினால் கொட்டாவி விட்ட பிறகுதான் திரையில் வந்தது. பொறுக்க மாட்டாமல் அக்கா இரண்டையும் நிறுத்திவிட்டு எழுதினாள்.

நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி வீடு வரை ஓடினேன்.

கூடத்தில் அக்கா பாண்டீஸ்வரி மானிட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா ஆன்டிவைரஸுக்குப் புது அப்டேட் இறக்கிக்கிட்டிருக்கேன்டா" என்றார். "பாதி வந்துருச்சு."

"அஞ்சாவது அத்தியாயத்தைத் திறந்தேன்" என்றாள் அக்கா. "ஒரே வரி, அதுவும் கிறுக்கல். நாலாவதும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான்டா."

பிளக்கைப் பிடுங்கினேன். அப்பா, "டேய், அப்டேட்டு!" என்று கத்தினார்.

"அக்கா, சிடியில காப்பி போட்டேல்ல?"

அவள் பூஜை அலமாரியைக் காட்டினாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், அப்பாவின் பேனா, மேலே சிடி. பளபளக்கும் பக்கம் மேலே பார்த்திருந்தது. அதன் குறுக்கே மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மின்னுற பக்கந்தானே அதுக்கு முகம்? முதுகுலயா பொட்டு வைப்பாங்க?"

நகத்தால் சுரண்டினேன், கம்ப்யூட்டர் படிக்கும் அந்தப் பக்கமெல்லாம் கீறல் விழுந்தது. மிச்சம் இருப்பது மாடியில் என் கம்ப்யூட்டர். எழுதி முடித்ததும் அக்கா ஒயர் வழியாக அதிலும் ஒரு காப்பி போட்டுவிடுவாள். நேற்று யாரும் அதைத் தொடவில்லை. அது அணைந்துதான் கிடக்கும்.

"மாடிக்கு யாரும் போகாதீங்க. அதை இன்னைக்குப் போடக்கூடாது."

"விஜயதசமின்னு நாந்தான் போட்டேனே" என்றாள் அம்மா.

"எப்ப?"

"கீழதப் போட்ட கையோட போகணும்னுதான் நெனச்சேன். கற்பூரம் கிடைக்கல. தேடி எடுத்துக் காட்டிட்டுப் பட்டனை அமுக்குனேன். டிவி எரியல, அது தூங்குதுன்னு வந்துட்டேன்."

மானிட்டருக்குத் தனி சுவிட்ச். அம்மாவுக்கு அது தெரியாது.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. அறைக்குள் சூடான காற்று. பெட்டி கரகரவென்று எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. ஒயரை உருவினேன். சத்தம் நின்றது.

அக்கா வாசலில் வந்து நின்றாள். "தின்னுருச்சா?"

"போட்டுப் பாத்தாத்தான் தெரியும். போட்டா, தின்னாதது இருந்தா அதையும் தின்னும்."

"நாளைக்குப் போடலாம்ல?"

"போடலாம். இருக்கா இல்லையான்னு தெரியாம நாளை வரைக்கும் உக்காந்திருப்பியா?"

அவள் சுவரில் சாய்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்தாள். பிறகு கேட்டாள்: "அதுக்கு இன்னைக்கு ரெண்டாந்தேதின்னு யார்டா சொல்றது?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற தேதிதான்."

"அப்பப் பொய் சொல்லு."

எனக்கு அது தோன்றவில்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றி எறிந்தேன். ஒயரைச் செருகி, மானிட்டரைப் போட்டு, பட்டனை அழுத்திய கையோடு டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். விண்டோஸ் வந்துவிட்டால் தேதியைப் படித்துவிடும். அதற்கு முன்னால், தேதியை மாற்றும் நீலத் திரை வந்தது. தேதியைச் செப்டம்பர் முப்பதாக்கினேன்.

அம்மாவும் வந்துவிட்டாள். "என்ன தேதி வச்ச?"

"முந்தாநேத்து."

"அடப்பாவி, அன்னைக்கு அஷ்டமிடா! விஜயதசமிய விட்டுட்டு அஷ்டமியில போயி..."

"அம்மா, சும்மா இரு" என்றாள் அக்கா. அம்மாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

விண்டோஸ் வந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். மவுஸை அக்கா வாங்கிக்கொண்டாள். முதல் அத்தியாயம் திறந்தது. கிறுக்கல். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. இரண்டாவது திறந்தது. அவளுடைய வரிகள். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது, கடைசிப் பக்கம் வரை.

"முதலாவது போச்சு" என்றேன்.

"அதுக்கு கைடு சார் திருத்திக் கொடுத்த தாள் இருக்கு. தட்டிருவேன். பிரிண்டரைத் தூக்கிட்டு வாடா. இப்பவே."

தூக்கி வந்தேன். தாள்கள் சூடாக விழத் தொடங்கின. அப்பா ஒவ்வொன்றாக அடுக்கினார். பாதி அடுக்கியதும் தொண்டையைச் செருமினார்.

"தாளுக்கு வைரஸ் வராதுல்ல?"

"கரையான் வரும்" என்றாள் அம்மா. கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அக்கா அதை வாங்கி, எட்டாத உயரத்தில் பரண்மேல் வைத்தாள்.